விழுகிறவனுக்கே மார்க்

மூன்றாவது ஆள் விழுந்த விதம் பொன்னையனுக்குப் பிடிக்கவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டச் சொல்கிறார். கடைக்காரன் ஜெயன் முணுமுணுத்துக்கொண்டே டெக்கின் பொத்தானை அழுத்துகிறான். திரையில் விழுந்து கிடந்தவன் கோடுகோடாக எழுந்து, உதைத்தவனின் காலில் போய் ஒட்டிக்கொண்டு, மறுபடி உதை வாங்கி, மறுபடி விழுகிறான். "கண்டியா ஜெயா? விழுறதுக்கு முன்னே எங்கே விழணும்னு பாக்கான். அங்கே வைக்கோலு போட்டிருக்கு. ஒரு மார்க்கு போச்சு," என்று சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் துண்டுக் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்.

கேரள எல்லையோரத்தில், காரக்கோணம் சந்திப்பில் தையற்கடைக்கும் சிமெண்டுக் கடைக்கும் நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் ஜெயனின் வீடியோ கடை. முன்னால் கேசட் அடுக்கு. அதற்குப் பின்னால் ஒரு துணித்திரை. அதற்கும் பின்னால், வாடகைக்குப் போய் வந்த கேசட் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பழைய டிவி. டிவிக்கு முன்னால் கிடக்கும் மரப்பெஞ்சு பொன்னையனுடையது என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். மதியம் இரண்டு மணிக்கு வருவார். அதற்குள் முந்நூறு ரப்பர் மரத்தில் பட்டை வெட்டி, பாலெடுத்து, அதை உறையவைத்து ஷீட்டு அடித்துக் காயப்போட்டு, குளித்து, மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் தின்று முடித்திருப்பார். எத்தனை சோப்பு போட்டாலும் பால்வெட்டுக்காரனின் உடம்பிலிருந்து அந்தப் புளித்த வாடை போகாது. அவர் வந்து உட்கார்ந்ததும் ஜெயன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, சாமிக்கு என்பான். கடையில் சாமி படமே கிடையாது.

தொண்ணூற்று மூன்றில், வளைகுடாவில் கடையை மூடிவிட்டுத் திரும்பிய குளத்தூர்க்காரர் ஒருவர் ஜெயனின் தலையில் ஒரு சாக்கு நிறைய கேசட்டைக் கட்டிவிட்டார். நாலு நல்ல படமாவது இருக்கும் என்று நம்பி வாங்கியவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், அத்தனையும் குங்ஃபூ படம். அதிலும் காசில்லாதவன் எடுத்த பழைய குங்ஃபூ படம். ஒரே முற்றம், ஒரே பாலம், ஒரே சாயாக்கடை. அந்தச் சாயாக்கடையின் மேசையும் பெஞ்சும் ஐந்து படத்தில் உடைகின்றன. அட்டையில் இருக்கும் எழுத்து சீனமா அரபியா என்றே அவனுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத படத்தை யார் எடுத்துப் போவார்கள்? தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவனை ரோட்டில் போன பொன்னையன் எட்டிப் பார்த்து, ஒன்றைப் போடு பார்க்கலாம் என்றார். அன்று உட்கார்ந்தவர்தான். ஒரு மழைக்காலம் முழுக்க, பால்வெட்டு இல்லாத நாட்களிலெல்லாம் காலையிலிருந்தே வந்து உட்கார்ந்து, தொண்ணூற்றிரண்டு கேசட்டையும் பார்த்து முடித்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, தானே ஒரு பெயர் வைத்து, பெயருக்குக் கீழே பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் எழுதினார். 'பாலத்தில் ஏழு பேர்', ஆறு. 'சாயாக்கடை, மழை', ஏழரை. 'குடைக்காரிக்கு ஓர் அண்ணன் உண்டு', நாலு. பெயரைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும் என்று ஜெயன் ஆட்சேபித்தான். கதைக்காகவா இதைப் பார்க்கிறார்கள் என்று பொன்னையன் அவன் வாயை அடைத்துவிட்டார்.

அவர் மார்க் போடும் முறைதான் யாருக்கும் பிடிபடாதது. ஜெயிக்கிறவனுக்கு மார்க்கே கிடையாது. கதாநாயகன் காற்றில் மூன்று குட்டிக்கரணம் அடித்து இறங்கினாலும், ஒற்றை விரலால் செங்கல்லைப் பொடித்தாலும், பொன்னையன் பென்சிலின் பின்பக்கத்தால் காதைக் குடைந்துகொண்டிருப்பார். பெயரில்லாமல், வசனமில்லாமல், வரிசையில் வந்து உதை வாங்கிப் போகிற அடியாள் இருக்கிறானே, அவன்மேல்தான் அவருக்குக் கண். "அடிக்கதுக்கு என்ன மக்கா, கையிருந்தாப் போரும். விழுறதுலயாக்கும் வேலை," என்பார்.

வலி உடனே வராது என்பது அவருடைய முதல் விதி. அடி விழுந்த இடத்துக்குக் கை உடனே போனால் அது நடிப்பு. முதலில் முகத்தில் ஓர் ஆச்சரியம் வர வேண்டும், என்னையா அடித்தான் என்று. அதற்குப் பிறகே கை போக வேண்டும். உண்மையான அடிக்குச் சத்தம் குறைவு என்பது இரண்டாவது. படங்களில் கேட்கும் பட்டாசுச் சத்தத்துக்கு அரை மார்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுவார். மூன்றாவது விதியைச் சொல்லும்போது மட்டும் ஆள் கொஞ்சம் மாறிப்போவார். சண்டை முடிந்து எல்லோரும் போன பிறகு, தரையில் கிடக்கிறவனைப் படம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தால் இரண்டு மார்க் கூடுதல். பெரும்பாலும் பார்ப்பதில்லை. கதாநாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்து போய்விடுவான், படமும் அவன் பின்னாலேயே போய்விடும். "கிடக்கவன் அங்கேயே கிடக்கட்டும்னு போறான் பாரு," என்று பொன்னையன் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் கோபம், சினிமாவுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

தொண்ணூற்றிரண்டு படத்தில் பதினேழு படங்களில் ஒரே ஆள்தான் அடிவாங்கிச் சாகிறான் என்பதைக் கண்டுபிடித்ததும் அவரே. மீசை மாறும், தாடி வரும், ஒரு படத்தில் மொட்டை. ஆனால் இடது தோளைத் தாழ்த்தி நடக்கும் அந்த நடையை மாற்ற முடியவில்லை. சைக்கிளில் மீன் கொண்டுவரும் சுயம்புவின் அச்சு அசல் சாயல் என்று சொல்லி, பொன்னையன் அவனுக்கும் சுயம்பு என்றே பெயர் வைத்துவிட்டார். சீனத்துச் சுயம்பு நேர்மையாக விழுவான். வைக்கோலைத் தேடமாட்டான். ஒரு படத்தில் கல்படியில் விழுந்து அவனுக்கு முழங்கால் பிளந்தே போயிற்று. மறுபடி எடுக்க வகையில்லாத படக்காரன் அதையே வைத்துவிட்டான். சுயம்பு முழங்காலைப் பார்க்கிறான், காமிராவை ஒரு நொடி பார்க்கிறான், பிறகு தான் சாகவேண்டிய இடம்வரை நொண்டிக்கொண்டே போய்ச் செத்துப்போகிறான். அதற்கு ஒன்பது மார்க். பத்து எதற்கும் போட்டதில்லை. "அவனுக்கு இப்போ மூட்டு தேஞ்சிருக்கும், பாவம்," என்று ஒரு மழைநாளில் பொன்னையன் தன்பாட்டுக்குச் சொன்னார். அந்த மனிதன் உயிரோடு இருக்கிறானா என்பதே இங்கே யாருக்கும் தெரியாது.

இந்த மார்க்கை நம்பி வியாபாரம் நடக்குமா என்று ஜெயன் முதலில் பயந்தான். நடந்தது. பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து, மாமா ஏழுக்கு மேலே போட்டது ஏது உண்டு என்று கேட்டு எடுத்துப் போனார்கள். விழுகிறவன் ஒழுங்காக விழுந்தால் அடிக்கிறவன் தானாகப் பெரிய ஆளாகத் தெரிவான். அந்தச் சூட்சுமம் அவர்களுக்குத் தெரியாது, படம் நன்றாக இருந்தது என்பது மட்டும் தெரியும். நியாயமாக ஜெயன் இதற்கு அவருக்கு ஏதாவது செய்திருக்க வேண்டும். ஒரு சாயாவும் ஒரு பழம்பொரியும் வாங்கித் தருவான். பொன்னையன் பழம்பொரியை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லோரும் அவரோடு சண்டை போட்டார்கள். இந்தப் படங்களில் தவறாமல் ஒரு காட்சி வரும். நல்லவனின் கூட்டாளியைப் பிடித்துக் கட்டிவைத்து, மற்றவன் எங்கே என்று கேட்டு அடிப்பார்கள். அவன் சொல்லமாட்டான். பல் உடையும், அப்போதும் சொல்லமாட்டான். கடைசியில் வில்லனின் முகத்தில் ரத்தத்தைக் காறித் துப்பிவிட்டுத் தலை சாய்வான். பிள்ளைகள் கைதட்டும் இடம் அது. அந்த இடம் வந்தால் பொன்னையன் எழுந்து வெளியே போய்விடுவார். சிமெண்டுக் கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, படம் என்னதான் நன்றாக இருந்தாலும், இரண்டு மார்க்கைக் கழிப்பார். ஏன் மாமா என்று கேட்டால், அது பொய் என்பதோடு சரி. மற்ற விதிகளையெல்லாம் விரல்விட்டு விளக்குகிறவர், இதை மட்டும் யாருக்கும் விளக்கியதில்லை.

விளக்கம் எழுபத்து நாலாம் வருஷத்தில் கிடக்கிறது. அன்று தமிழ்நாட்டு அரிசி எல்லை தாண்டிக் கேரளத்துக்கு வரக்கூடாது. தடை இருந்தது, இந்தப் பக்கத்தில் பசியும் இருந்தது, ஆகவே இருட்டிய பிறகு இடவழிச் சந்துகளில் தலைச்சுமையாக அரிசி வந்துகொண்டும் இருந்தது. அந்தப் பக்கத்து அரிசிக்காரன் ஒருவனின் பெயர் பொன்னையன். எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பிழைத்த நம்முடைய ஆளும் பொன்னையன். இந்த வட்டாரத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவது ஒரு பொன்னையன் மேல்தான் விழும். போலீசுக்கு ஒரு பொன்னையன் தேவைப்பட்டான், கைக்குக் கிடைத்தவனைக் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று அவர் சொல்வதில்லை. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதும் இல்லை. மனைவி விலாசினிக்கு அப்போது எட்டு மாதம். மகன் அஜீஷ் வயிற்றில் இருந்தான்.

மூன்று நாள். அடி முழுக்க உள்ளங்காலில். வெளியே பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடம் அதுதான். முதல் நாள், நான் அவனல்ல என்றார். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள், நான்தான் அவன் என்றார். அத்தோடு விடவில்லை. கூட இருந்தவன் யார் என்றார்கள். செய்யாத காரியத்துக்குக் கூட்டாளி எங்கிருந்து வருவான்? ஆனால் ஒரு பெயர் வாயிலிருந்து விழாமல் கம்பு நிற்காது என்று தெரிந்துபோயிற்று. முதலில் நாக்கில் வந்த பெயரைச் சொன்னார். அது சோமனின் பெயர். ஒரே தோட்டத்தில் அடுத்த வரிசை மரங்களை வெட்டியவன், விலாசினியைப் பெண்பார்க்கப் போனபோது கூட வந்தவன். சோமனும் மூன்று நாள் உள்ளே இருந்தான். அதன் பிறகு உண்மையான அரிசிக்காரன் வேறெங்கோ பிடிபட்டதால் இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டார்கள். என்னை ஏனடா சொன்னாய் என்று சோமன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால்கூடப் பொன்னையனுக்கு ஆறியிருக்கும். அவன் குடும்பத்தோடு அம்பூரிப் பக்கம் போய்விட்டான். இன்றைக்கும் ஏதாவது பஸ்ஸில் பொன்னையனைக் கண்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறான்.

வாங்கிய அடியைச் சொல்லிவிடலாம். சொன்ன பெயரை எப்படிச் சொல்வது? விலாசினிக்கு எல்லாம் தெரியும். மகனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா ஏன் குதிகாலை ஊன்றாமல் நடக்கிறார் என்று சின்ன வயதில் அவன் கேட்டபோது, தோட்டத்துப் பாறையிலிருந்து விழுந்துவிட்டேன் என்றார். எப்படி விழுந்தீர்கள் என்று அவன் விடாமல் கேட்க, முற்றத்தில் விழுந்தும் காட்டினார். அந்த விழுகைக்கு அவரே பூஜ்யம்தான் போட்டிருப்பார்.

வளர்ந்த பிறகு அஜீஷும் ஜெயன் கடைப் பெஞ்சுக்கு வர ஆரம்பித்தான். கல்லூரியில் ப்ரீடிகிரி முடித்து, சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். இரண்டே மாதத்தில் அப்பாவுக்கு முன்னால் வைக்கோலைக் கண்டுபிடித்துவிடுவான். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் யார் உண்மையாக அடிவாங்குகிறான் என்று தெரியும் என்பது அவன் கண்டுபிடித்தது. பொன்னையன் அதை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அரை மார்க்குக்காக இருவரும் வீடுவரை வாக்குவாதம் செய்துகொண்டே வருவார்கள். சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு விலாசினி, சீனாக்காரன் செத்த துக்கம் முடிந்ததா என்று கேட்பாள். அந்த நாட்களில்தான் பொன்னையன் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல வேண்டும். கீழே விழுகிறவனையே பார்த்துப் பழகிய பிள்ளை யார்மேலும் கை ஓங்கமாட்டான் என்று நம்பினார். வாழ்க்கையில் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நம்பிக்கையைத்தான்.

தொண்ணூற்றாறில் வேலைக்கான உத்தரவு வந்தது. போலீஸ்.

பக்கத்து வீடுகளிலிருந்து வந்து சந்தோஷம் சொன்னார்கள். சர்க்கார் உத்தியோகம் வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. விலாசினி எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். போவதற்கு முன்னே அவனிடம் சொல்லிவிடுங்கள் என்று மூன்று நாள் புருஷனை அரித்தாள். பொன்னையனும் சொல்லத்தான் தீர்மானித்தார். கிளம்பும் நாளில் மகனின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே போனார். வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். காலைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால், பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பான். கேட்டால் சோமன்வரைக்கும் போகவேண்டி வரும். பஸ் வந்துவிட்டது. "கண்ட வெள்ளமெல்லாம் குடிக்காதே மக்கா," என்றார். "வாறேன் அப்பா," என்று அவன் ஏறிக்கொண்டான்.

பயிற்சி முடிந்து வடக்கே எங்கோ ஒரு ஸ்டேஷனில் போட்டார்கள். கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதுவான். அந்தக் காலத்தில் பொன்னையனின் மார்க்குகள் ஒரேயடியாகச் சரிந்தன. ஏழரை வாங்கிய படத்தை மறுபடி பார்த்து நாலு என்று திருத்தினார். ஜெயன் நொந்துகொண்டான். இன்னொரு மாற்றத்தையும் அவன் கவனித்தான். பொன்னையன் அண்ணன் இப்போது விழுகிறவனைப் பார்ப்பதில்லை. அடிக்கிறவனின் முகத்தைப் பார்க்கிறார். அந்த முகம் வரும்போதெல்லாம் படத்தை நிறுத்தச் சொல்லி, அசைவில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிறார்.

"அடிக்கும்போ இவன் மனசிலே என்ன இருக்கும் ஜெயா?"

"மத்தியானச் சோறு எப்போ வரும்னு இருக்கும் அண்ணா," என்றான் ஜெயன்.

பொன்னையன் சிரிக்கவில்லை. இருக்கும், அப்படியும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அன்று சாயாவைத் தொடவில்லை.

தொண்ணூற்றெட்டு ஓணத்துக்கு அஜீஷ் விடுமுறையில் வந்தான். தோள் அகலமாகிவிட்டிருந்தது, பேச்சு குறைந்திருந்தது. அம்மா தட்டில் விளம்பியதையெல்லாம் தலைகுனிந்தபடி தின்றான். மறுநாள் மதியம் அவனே ஜெயன் கடைக்குப் போய் டெக்கையும் ஒரு கேசட்டையும் எடுத்து வந்தான். சாக்கின் அடியில் ஒட்டிக்கிடந்து இப்போதுதான் கிடைத்தது, அண்ணன் இன்னும் பார்க்காதது என்று ஜெயன் கொடுத்தனுப்பியிருந்தான். பிளாஸ்திரி ஒட்டாத, பெயர் வைக்காத படம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவும் மகனும் டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் தோளைத் தாழ்த்திக்கொண்டு ஒருவன் வாசலில் நுழைந்தான். "நம்ம சுயம்பு உண்டு இதிலே," என்று அஜீஷ் அப்பாவின் தொடையில் தட்டினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொன்னையன் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டார்.

பாதிப் படத்தில் சுயம்புவைப் பிடித்து ஒரு பலகையில் கட்டினார்கள். காலைத் தூக்கி வைத்து உள்ளங்காலில் மூங்கிலால் அடித்தார்கள். இருபது அடி, முப்பது அடி. அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. நல்லவன் ஒருவன் வந்து கட்டை அறுத்துவிட, சுயம்பு துள்ளியெழுந்து ஓடி ஒரு மதிலைத் தாண்டிக் குதித்தான். பொன்னையன் வழக்கம்போல வெளியே போக எழுந்துவிட்டார்.

அஜீஷ் சிரித்தான். "இதுக்கு மார்க்கே கிடையாது அப்பா. காலிலே அம்பிடு அடி வாங்கினவன் மதில் சாடுவானா? நிக்கவே ஒக்காது. முட்டிலே தவழ்ந்தாக்கும் போவான். சத்தமும் இப்படி வராது. பத்து அடிக்குப் பெறவு வாய் மட்டும் தொறந்து தொறந்து அடையும்."

எழுந்த பொன்னையன் அப்படியே நின்றார். அவன் சொன்னதில் ஒரு பிழை இல்லை. வாய் திறந்து மூடுகிற அந்த விஷயம், விலாசினிக்குக்கூட அவர் சொல்லாதது.

"எலே, நீ இதை எங்கே கண்டே?"

அஜீஷின் சிரிப்பு போயிற்று. திரையைப் பார்த்துக்கொண்டே, ஸ்டேஷனில் என்றான். ஒரு சைக்கிள் திருட்டு என்றான். புதிதாகப் போனவனுக்கு வேறு வழி கிடையாது, முடியாது என்றால் அங்கே இருக்கவிடமாட்டார்கள், எல்லோரும் செய்வதுதான் என்றான்.

"கண்டதா, செய்ததா?"

"ரெண்டும்."

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. விலாசினி ஈரக்கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"சைக்கிளை எடுத்த ஆளு அவன்தானா?" என்று பொன்னையன் கேட்டார்.

"அறியாது அப்பா. ஒத்துக்கிட்டான். கூட ஒருத்தன் பேரும் சொன்னான்."

"அந்த ஒருத்தன்?"

"அவனையும் கொண்டுவந்தோம்."

பொன்னையனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்ற அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் குடிக்கிற வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசியிருந்தால், ஊர் பேர் தெரியாத இரண்டு பேர் இன்று குதிகாலை ஊன்றி நடந்துகொண்டிருப்பார்கள். தன் மானக்கேட்டை மறைக்கப்போய் மகனைக் கையில் கம்போடு அனுப்பிவிட்டோம் என்று நினைத்தார். சோமனுக்குச் செய்த துரோகத்துக்குப் பிறகு இனி தன்னால் யாருக்கும் ஒரு கெடுதல் வராது என்று இருபத்து நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"சொல்லுங்க," என்றாள் விலாசினி.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு பாயில், மகனுக்கு நேர் எதிரே, மெல்ல உட்கார்ந்தார். வேட்டியை ஒதுக்கி இரண்டு கால்களையும் அவன் மடிக்கு நேராக நீட்டினார். என்ன அப்பா, என்ன என்று அஜீஷ் பதறினான். பொன்னையன் அவனுடைய வலது கையை எடுத்தார். தன் இடது உள்ளங்காலில், எலும்பு உடைந்து கோணலாகக் கூடிப்போன இடத்தில் அதை வைத்தார். அவன் கையை இழுக்கப் பார்த்தான். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.